40 விதையும் 135 விதையும்: ஒரு பூவிதழின் கதை

17 செடிகள். மேலே ஒரு வலை. அறுவடையில் கிடைத்தது மொத்தம் 40 விதைகள். பக்கத்திலேயே இன்னொரு 17 செடிகள், ஆனால் வலை கிடையாது. கிடைத்தது 135 விதைகள்.

கணக்குப் பாடம் என்று நினைத்து ஓடிவிட வேண்டாம்! இது சார்லஸ் டார்வின் செய்த சோதனை. தாவரங்களில் தன்மகரந்தச் சேர்க்கையும் அயல் மகரந்தச் சேர்க்கையும் என்ன விளைவைத் தருகின்றன என்று அவர் 1876ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். அதில் வரும் நூற்றுக்கணக்கான கணக்குகளில் இதுவும் ஒன்று. வலை தடுத்தது வெயிலையோ மழையையோ அல்ல, தேனீயை. தேனீ வராததால் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எந்த முதலாளியும் இப்படி ஒரு சம்பளமில்லாத தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தமாட்டார்.

டார்வின் வளர்த்த அந்தச் செடியின் பெயர் ஃபாபா பீன். தாவரவியல் பெயர் விசியா ஃபாபா. நம்மூர்ச் சந்தையில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் 'ஃபூல்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும். எகிப்தியர்கள் காலையில் எண்ணெய் விட்டு மசித்து ரொட்டியோடு சாப்பிடும் அந்தப் பருப்பு இதுதான். மனிதன் பயிரிட்ட மிகப் பழைய பயிர்களில் இதுவும் ஒன்று. இன்றைய இஸ்ரேலில் உள்ள கார்மெல் மலையில் எல் வாத் என்ற இடத்தில் சுமார் 14,000 வருடத்துக்கு முந்தைய, கரிந்துபோன காட்டு ஃபாபா விதைகள் கிடைத்ததாக 2016ல் ஆய்வு வெளியானது. விந்தை என்னவென்றால், இந்தப் பயிரின் காட்டு மூதாதை இன்று உயிரோடு எங்கேயும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதாவது இன்று இருப்பதெல்லாம் மனிதன் கையில் வளர்ந்த செடிதான். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும், ஞாபகம் இருக்கட்டும்.

சரி, தேனீ ஏன் அவ்வளவு முக்கியம்? பூவின் அமைப்பைப் பார்த்தால் புரியும். அவரை, பட்டாணி மாதிரி இதுவும் பட்டாம்பூச்சி வடிவப் பூ. பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய கொடி இதழ், இரண்டு பக்கமும் கறுப்புப் பொட்டு வைத்த சிறகு இதழ்கள், நடுவில் இரண்டு இதழ் சேர்ந்த படகு. மகரந்தமும் சூல்முடியும் படகுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பம்பிள் தேனீ என்று சொல்லப்படும் மயிர் அடர்ந்த குண்டுத் தேனீ சிறகு இதழ் மேல் இறங்கி, காலை ஊன்றி, தலையை உள்ளே நுழைத்து அமுக்கினால் படகு கீழே இறங்கும், பூட்டு திறக்கும். அந்த அமுக்கலில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சூல்முடியின் மேல் மெல்லிய தோல் ஒன்று மூடியிருக்கும். அது கிழிந்து ஈரம் கசிந்தால்தான் மகரந்தம் முளைக்கும். தேனீ உரசும்போது அது கிழிகிறது. தேனீ வராவிட்டால் பல செடிகளில் அது கிழியாமலே பூ வாடிப்போகும்.

காலை ஊன்றி என்று சொன்னோம் அல்லவா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். தேனீ எதன் மேல் காலை ஊன்றுகிறது?

ரோஜா இதழை விரலால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். இலையைத் தடவினால் அப்படி இருக்காது. காரணம், இலையின் மேல்தோல் செல்கள் தரையில் பதித்த ஓடு மாதிரி தட்டையானவை. இதழின் மேல்தோல் செல்களோ ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கூம்பு. கோயில் கோபுரங்களை நெருக்கி நெருக்கி அடுக்கியது போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கி வேண்டும். ராபர்ட் ஹூக் 1665ல் தக்கைத் துண்டில் 'செல்' என்று பெயர் வைத்ததிலிருந்தே நுண்ணோக்கி இருக்கிறது. ஆனாலும் இந்தக் கூம்பு எதற்காக என்ற கேள்விக்குப் பதில் வர முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதற்கு நடுவில் ஒரு ஜெர்மன்காரர் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்தார். கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல், பெர்லினுக்கு அருகே ஸ்பாண்டவ் ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியர். பூவின் நிறம், கோடு, பொட்டு எல்லாம் பூச்சியை அழைக்கும் விளம்பரப் பலகை என்று 1793ல் புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை, வேலையும் போனது. பல வருடம் கழித்து 1841ல் டார்வின் அந்தப் புத்தகத்தை வாசித்து வியந்துபோனதுதான் அவருக்குக் கிடைத்த நியாயம். பாவம், அதைப் பார்க்க ஸ்ப்ரெங்கல் உயிரோடு இல்லை.

ஸ்ப்ரெங்கல் பார்த்தது கண்ணுக்குத் தெரிகிற பூவை. செல்லைப் பார்ப்பதற்கு நல்ல கருவி வேண்டியிருந்தது. 1965ல் கேம்பிரிட்ஜில் ஒரு கம்பெனி 'ஸ்டீரியோஸ்கேன்' என்ற ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் இதழ்ப் பரப்பை மலைத்தொடர் மாதிரி படம் எடுக்க முடிந்தது. 1981ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியிலிருந்து குவென்டின் கேயும் அவர் கூட்டாளிகளும் சுமார் 200 இனச் செடிகளின் இதழ்களைப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான பூக்களில் கூம்புதான். இவ்வளவு பூக்கள் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறதென்றால் சும்மா இருக்காது என்பது தெரிந்தது. 1985ல் கெவனும் லேனும் தேனீ தன் உணர்கொம்பால் தடவியே ஒரு இதழின் பரப்பையும் இன்னொரு இதழின் பரப்பையும் பிரித்து அறிகிறது என்று காட்டினார்கள். கண் தெரியாதவர் பிரெய்ல் எழுத்தைத் தடவுவது போல.

பெரிய திருப்பம் 1994ல் வந்தது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் இன்னஸ் மையம். அங்கே ஸ்னாப்டிராகன் என்ற அழகுப்பூச் செடியில் தாவும் மரபணுக்களை வைத்து ஆராய்ச்சி. அப்படித் தாவிய மரபணு இன்னொரு மரபணுவின் நடுவில் போய் உட்கார்ந்துவிட, அந்தச் செடியில் பூ கொஞ்சம் மங்கலாக, பளபளப்பு இல்லாமல் பூத்தது. நிறமியைச் சோதித்தால் நிறமி குறையவில்லை! பிறகு எதனால் மங்கல்? நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கூம்புகளைக் காணோம், செல்லெல்லாம் தட்டையாக இருக்கின்றன. கூம்பு ஒரு குட்டி லென்ஸ் மாதிரி வெளிச்சத்தைச் செல்லுக்குள் நிறமி இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. தட்டைச் செல்லில் வெளிச்சம் மேலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அதே சாயத்தைப் பட்டிலும் பருத்தியிலும் தோய்த்தால் வேறு வேறாகத் தெரியும் அல்லவா, அதுபோல. அந்த மரபணுவுக்கு 'மிக்ஸ்டா' என்று பெயர். நோடா, பெவர்லி குளோவர், லின்ஸ்டெட், கேத்தி மார்ட்டின் ஆகிய நால்வர் பெயரில் நேச்சர் இதழில் வெளியானது.

ஒரே ஒரு மரபணு கெட்டால் கூம்பு போய்விடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அப்படியென்றால் ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு செடிக்குக் கூம்பு இருக்கும், பக்கத்துச் செடிக்கு இல்லாமலும் போகலாம். 1998ல் குளோவரும் மார்ட்டினும் இரண்டு வகை ஸ்னாப்டிராகனையும் திறந்தவெளியில் தேனீக்களுக்கு விட்டுப் பார்த்தார்கள். தட்டைச் செல் பூக்களில் காய் பிடிப்பது குறைந்தது. இந்த முடிவை அவர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். ஆனால் தேனீ ஒதுங்கியதற்குக் காரணம் நிறமா, பிடிமானமா?

இதற்கான பதில் 2009ல் வந்தது. ஹீதர் விட்னி, லார்ஸ் சிட்கா, டோபி புரூஸ், குளோவர் ஆகியோர் செய்த சோதனையில் பூவே கிடையாது. பூவின் பரப்பை அச்சு எடுத்து பிசினில் வார்த்தார்கள். ஒன்றில் கூம்பு, இன்னொன்றில் தட்டை. நிறம், மணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைமட்டமாக வைத்தபோது தேனீக்களுக்கு எதுவானாலும் சரிதான். சாய்வைக் கூட்டிக்கொண்டே போய்ச் செங்குத்தாக நிறுத்தியபோது கூம்புப் பரப்பையே தேடிப் போயின. உண்மைப் பூவில் வேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, தட்டை இதழில் தேனீ கால் வழுக்கி, விழாமல் இருக்க இறக்கையை அடித்துக்கொண்டே இருந்தது. கூம்பு இதழில் இறக்கையை மடக்கி நிம்மதியாகச் சாப்பிட்டது. இறக்கை அடிப்பது தேனீக்குப் பெரிய செலவு. பத்து ரூபாய் சம்பாதிக்க எட்டு ரூபாய் பஸ் செலவு என்றால் யார்தான் அந்த வேலைக்குப் போவார்கள்? 2012ல் இன்னொரு சோதனையில், பூ ஆடிக்கொண்டிருந்தாலும் தேனீ பிடிமானம் உள்ள இதழைத்தான் அதிகம் விரும்புகிறது என்று தெரிந்தது. காற்றில் ஆடாத வயல் எங்கே இருக்கிறது!

அதே 2012ல் கானரி தீவுகள் இருக்கும் அட்லாண்டிக் பகுதியிலிருந்து இதற்கு எதிர்ப்பக்கத்து சாட்சி கிடைத்தது. அங்கே லோட்டஸ் என்ற பயறுக் குடும்பச் செடிகள் (நம் தாமரை அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று). சிலவற்றுக்குத் தேனீ வரும், சிலவற்றுக்குக் காலப்போக்கில் பறவை வர ஆரம்பித்தது. பறவைக்குப் போன இனங்களில் இதழின் கூம்புச் செல்கள் மறைந்துவிட்டன. வாடிக்கையாளர் மாறினால் கடையின் அலங்காரமும் மாறும்.

இப்போது ஃபாபாவுக்குத் திரும்புவோம். லோட்டஸில் வாடிக்கையாளர் மாறினார். ஃபாபாவில் நடந்தது வேறு. நடுவில் மனிதன் வந்து வலையைப் போட்டான்.

டார்வின் ஒரு பருவம் போட்டார். இருபதாம் நூற்றாண்டில் பயிர் ஆராய்ச்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டார்கள். காரணமும் நியாயமானதுதான். ஒரு ரகம் தூய்மையாக இருக்க வேண்டும் என்றால் அடுத்த வரிசையின் மகரந்தம் வரக்கூடாது, தேனீதான் அதைக் கொண்டுவரும், ஆகவே தேனீயைத் தடு. வலைக்குள் தேனீ இல்லாமல் எந்தச் செடி தானே விதை பிடித்ததோ, அல்லது யாராவது கையால் பூவை அமுக்கிவிட்டார்களோ, அதன் வாரிசுதான் அடுத்த தலைமுறை.

1950களில் கேம்பிரிட்ஜில் டிரேனர் என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் பயிரின் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு ரகம் கலந்து பிறந்த கலப்புச் செடி தேனீ இல்லாமலே ஓரளவு விதை பிடிக்கும். தன்மகரந்தத்தில் பிறந்த செடிக்கோ தேனீ கட்டாயம் வேண்டும். வயலில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் தேனீ குறைவு, கலப்புச் செடிகள் தாங்களே விதை பிடித்துச் சமாளித்துவிடும். விவசாயிக்கு நஷ்டம் தெரியாது. ஆனால் அந்த விதையெல்லாம் தன்மகரந்த விதை. அடுத்த வருடம் அதை விதைத்தால் முளைப்பதெல்லாம் தேனீயை நம்பி நிற்கும் செடிகள். அந்த வருடமும் தேனீ வராவிட்டால் போச்சு. கடனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு வட்டியோடு கட்டுவது போல. ஃபாபாவின் விளைச்சல் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும் என்ற கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தீர்க்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, தேனீயே தேவைப்படாத செடியை உருவாக்குவது. சூல்முடித் தோல் தானே கிழியும் ரகங்களைத் தேடினார்கள், அப்படிப்பட்டவை கிடைக்கவும் செய்தன. இரண்டு, எப்போதும் கலப்பு விதையையே விற்பது. அதற்காக ஆண்மலட்டுச் செடிகளை வைத்து 1960களில் பாண்ட் முதலியோர் கேம்பிரிட்ஜில் மிகவும் பாடுபட்டார்கள். மலட்டுத்தன்மை நிலைக்காமல் செடிகள் திரும்பவும் மகரந்தம் உண்டாக்க ஆரம்பித்துவிட்டன. மக்காச்சோளத்தில் நடந்த கலப்பு விதைப் புரட்சி ஃபாபாவில் நடக்காமல் போனது அதனால்தான்.

தேனீக்குப் பிடித்த பூவை உருவாக்குவது என்ற மூன்றாவது வழி நீண்ட காலம் யார் பட்டியலிலும் பெரிதாக இல்லை. விதை எடை, நெற்று எண்ணிக்கை, நோய் எதிர்ப்பு எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பூ என்பது விதைக்கு முன்னால் வந்து போகும் ஒரு சடங்கு, அவ்வளவுதான்.

பயறுக் குடும்பத்தில் இதழ்ப் பரப்பு எவ்வளவு நுட்பமானது என்று 2009ல் ஒஹேடாவும் கூட்டாளிகளும் காட்டியிருந்தார்கள். ஒரே பூவில் கொடி இதழுக்கு ஒரு வகைச் செல், சிறகுக்கு ஒரு வகை, படகுக்கு ஒரு வகை. செல்லைப் பார்த்தே இது எந்த இதழ் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2018ல் கேம்பிரிட்ஜில் எமிலி பெய்ல்ஸும் குளோவரும் ஃபாபாவின் பல ரகங்களை வரிசையாக வைத்து இதழ் செல்களைப் பார்த்தார்கள். எல்லா ரகத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஒரே பயிர், ஒரே தேனீ, ஆனால் இதழின் மேல்தோல் ரகத்துக்கு ரகம் மாறுகிறது! அதே வருடம் அதே குழு, பூவில் உள்ள தேன், மகரந்தம், பூவைத் திறக்கத் தேவைப்படும் விசை இவையும் ரகத்துக்கு ரகம் வேறு என்று அளந்து காட்டியது. அதாவது, ஒரு ரகத்தில் கதவு லேசாகத் திறக்கும், இன்னொன்றில் தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். முட்டுவதற்குக் கால் வழுக்காத தரை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

காட்டில் இப்படி ஒரு தட்டை இதழ் தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேனீ குறைவாக வந்திருக்கும், விதை குறைந்திருக்கும், சில தலைமுறையில் அந்த வகை அருகிப்போயிருக்கும். ஸ்னாப்டிராகன் சோதனை காட்டுவது அதைத்தான். வலைக்குள் அந்தத் தணிக்கை அதிகாரியே இல்லை. கணக்கில் பிழை இருந்தாலும் கேட்க ஆள் கிடையாது. ஆகவே கூம்பும் இருக்கும், தட்டையும் இருக்கும், நல்ல விதை பிடிக்கிற வரைக்கும் இரண்டும் பாஸ். ரகங்களுக்குள் தெரியும் வேறுபாட்டுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காட்டு மூதாதையே இல்லாத, பத்தாயிரம் வருடமாக மனிதன் கையிலேயே இருந்த ஒரு பயிரில், பூவின் தோலை மட்டும் மனிதன் ஒருபோதும் தேர்வு செய்யவில்லை என்பது உறுதி. அவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. ஃபாபாவில் பூச்சிகள் வராவிட்டால் சராசரியாகச் சுமார் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போகும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 2016ல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட ஃபாபா செடிகளில் தேனீக்கள் வந்தால் நஷ்டம் வெகுவாகக் குறைவது தெரிந்தது. சூட்டில் தன் மகரந்தம் கெட்டுப்போன பூவுக்கு வேறு செடியின் நல்ல மகரந்தம் வந்து சேர்கிறது. கோடை கடுமையாகிக்கொண்டே போகும் காலத்தில் இது காப்பீட்டு பாலிசி மாதிரி. தேனீயே வேண்டாம் என்று உருவாக்கிய ரகத்துக்கு இந்தப் பாலிசி கிடையாது. பம்பிள் தேனீக்களின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நீண்ட நாக்குள்ள 'ஷார்ட் ஹேர்ட்' பம்பிள் தேனீ பிரிட்டனில் கடைசியாக 1988ல் பதிவானது, 2000ல் அங்கே அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. குட்டை நாக்குத் தேனீக்கள் பல நேரம் வாசல் வழியாக வராமல் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடிவிட்டுப் போய்விடும்.

ஃபாபா விதைகளின் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று சிரியாவின் அலெப்போ அருகே டெல் ஹதியா என்ற இடத்தில், இக்கார்டா என்ற சர்வதேச மையத்தின் விதை வங்கியில் இருந்தது. உள்நாட்டுப் போர் வந்தது, ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளின் நகல்களை அவர்கள் ஏற்கனவே நார்வேயின் ஸ்வால்பார்டு பனிக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். 2015ல் அந்தக் கிடங்கிலிருந்து முதல் முறையாக விதைகள் திரும்ப எடுக்கப்பட்டது இவர்களுக்காகத்தான். அவை மொராக்கோவுக்கும், லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள டெர்போல் பண்ணைக்கும் போய் மறுபடி முளைத்தன.

அங்கேயும் தூய ஃபாபா ரகங்களைப் பெருக்க வேண்டுமென்றால் பூச்சி புகாத வலைக்கூண்டுக்குள்தான் வளர்க்க வேண்டும். வேறு வழியில்லை, இல்லாவிட்டால் ரகம் கலந்துவிடும். வலை காப்பாற்றுகிறது, அதே வலை தேனீயின் தேர்வையும் நிறுத்தி வைக்கிறது.

2023ல் ஃபாபாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. 1,300 கோடி எழுத்துக்கள், மனிதனுடையதைப் போல நான்கு மடங்கு. மிக்ஸ்டாவின் உறவுக்கார மரபணுக்களை இனி அதில் தேடிப் பார்க்க முடியும், கூம்பு உள்ள ரகத்துக்கும் இல்லாத ரகத்துக்கும் எந்த எழுத்து வேறுபடுகிறது என்று ஒப்பிடலாம். விதை வங்கிகளில் ஒரு ரகத்தைப் பதியும்போது பூவின் நிறம், பூக்கும் நாள், விதையின் எடை என்றெல்லாம் வழக்கமாகக் குறிப்பார்கள். இதழ்ப் பரப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதைப் பார்க்கக் கோடி ரூபாய் எந்திரமும் தேவையில்லை. பல் வைத்தியர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் மெழுகில் இதழை அமுக்கி, அந்தக் குழியில் பிசினை ஊற்றி, காய்ந்ததும் நுண்ணோக்கியில் வைத்தால் போதும், கூம்பா தட்டையா என்று தெரிந்துவிடும். பூ பூத்திருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் யாராவது வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.